பானெட்டுக்குள் ஒரு கை

மத்தியானம் பன்னிரண்டேகால். அந்த நேரத்துக்கு பூபாலன் தொழிற்சாலைக்குள்ளே, தன் லேத் மெஷின் முன்னால் நிற்க வேண்டியவன். ஆனால் அவன் நின்றது குவார்ட்டர்ஸ் வாசல் தூங்குமூஞ்சி மரத்தடியில். அவன் மனைவியின் காருக்கு முன்னால். பானெட் திறந்திருந்தது.

இரண்டாவது மாடி சமையலறையில் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்த ஷர்மிளா, ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். டம்ளர் கையில் அப்படியே நின்றது.

பூபாலன் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். சாப்பாட்டுப் பையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு ஸ்பேனரை எடுத்தான். தலையும் வலது கையும் இஞ்சினுக்குள் போயின. அரை நிமிடம். பிறகு டிரைவர் கதவைத் திறந்து சாவியைப் போட்டு இஞ்சினைக் கிளப்பி, மீட்டர் போர்டையே உற்றுப் பார்த்தான். மறுபடி இறங்கினான். மறுபடி கை உள்ளே போனது.

ஷர்மிளா டம்ளரை மேடையில் வைத்த சத்தம் அவனுக்குக் கேட்டதோ என்னவோ, சட்டென்று தலையைத் தூக்கி மேலே பார்த்தான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எட்டிப் பார்த்தபோது இஞ்சின் நின்று, பானெட் மூடியிருந்தது. பைக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் கார் சாவி இல்லை. கீழே இறங்கி ஓடினாள். காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அது ஆணிக்குத் திரும்பவில்லை.

ஷர்மிளா நாலு வருஷமாக வண்டி ஓட்டுகிறாள். ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு பம்ப் கம்பெனிக்கு நாலு பெண்களை ஏற்றிப்போய் விடுவது, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவது. மாத கான்ட்ராக்ட். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட லேட் இல்லை. புயல் வந்து சி.டி.எச். ரோடு ஏரி மாதிரி நின்றபோதும் சந்து பொந்தெல்லாம் சுற்றி, ஏழு மணிக்கு முன்னால் கேட்டில் இறக்கிவிட்டவள்.

அந்த வண்டிக்குத்தான் இப்போது பேய் பிடித்திருந்தது.

ஆயுத பூஜை லீவு முடிந்து ஓட ஆரம்பித்த முதல் நாளே மீட்டர் போர்டில் முட்கள் ஆட ஆரம்பித்தன. ஹெட்லைட்டைப் போட்டால் சூட்டு முள் இரண்டு கோடு ஏறும். வைப்பரைப் போட்டால் டீசல் முள் தாளம் போடும். ஃபுல் டேங்க் போட்டுவிட்டு வந்த வண்டி, இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் கால் டேங்க் என்றது. சரி, மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று நினைத்தால், இஞ்சினும் நிஜமாகவே கொதித்தது. ஓட்டத்தில் ஒன்றும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், முன்னால் குபுகுபுவென்று ஆவி.

முதல் தடவை கனரா பாங்க் பஸ் ஸ்டாப் அருகே, செவ்வாய்க்கிழமை. திருமுல்லைவாயில் மெக்கானிக் ஒருவர் கூலன்ட் மாற்றினார், சென்சார் மாற்றினார். “இன்னாம்மா, இஞ்சினு கல்யாண மாப்பிள்ள மாதிரி பளபளன்னு கீது, ஆனா ஜுரம் அடிக்குது” என்று சிரித்தார். போகும்போது, சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

“சைடுல ஒரு போல்ட்டுல புது ஸ்பேனர் தடம் கீது. வேற யாருனா கை வெச்சாங்களா?”

“இல்லியேண்ணா” என்றாள். அப்போது அது உண்மை என்றுதான் நினைத்தாள்.

இரண்டாவது தடவை, அடுத்த வாரம் புதன். அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் நாலு பெண்களும் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். நாலு பேருக்கும் அரை நாள் சம்பளம் கட்.

கம்பெனியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் பார்த்தசாரதி அன்று சாயங்காலம் கேட்டிலேயே நிறுத்தினார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஷர்மிளா, உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா மூணாவது தடவை நின்னா, அன்னிக்கே வேற வண்டி போட்டுடுவேன். சனிக்கிழமை கம்பெனி லீவு. அதுக்குள்ள என்னன்னு பார்த்து எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. திங்கட்கிழமைக்கு நான் யாரை நம்பறதுன்னு தெரியணும்.”

மறுநாள் வியாழக்கிழமை. பன்னிரண்டேகால் மணிக்குத்தான் அந்த ஜன்னல் காட்சி.

அன்று சாயங்காலம் ட்ரிப் முடித்து வீட்டுக்கு வந்தவள், சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள்.

“மத்தியானம் சாப்பாடு எப்டி கீந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு. கத்திரிக்காயில கொஞ்சம் காரம்.”

“எங்க ஒக்காந்து சாப்ட்டீங்க?”

பூபாலன் தலை நிமிரவில்லை. “எங்க சாப்பிடுவாங்க? கேன்டீன்லதான்.”

அந்த நேரத்தில் மரத்தடியில் நின்றவன் கேன்டீனில் சாப்பிட்டானாம்! ஷர்மிளா ரசத்தை ஊற்றினாள்.

அவன் குளிக்கப் போனதும் பீரோவைத் திறந்தாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் கிடைத்தது. அவன் சர்வீஸ் ஃபைலுக்கு அடியில் ஒரு விண்ணப்பம். கூட்டுறவு பண்டகசாலையில் பில் போடும் வேலை. பெயர்: ப. ஷர்மிளா. வயது, படிப்பு, முகவரி எல்லாம் பூபாலனின் குண்டு குண்டு எழுத்தில். அவளுடைய போட்டோகூட ஒட்டியாகிவிட்டது. கையெழுத்து இடம் மட்டும் காலி. கடைசி நாள்: திங்கட்கிழமை.

திங்கட்கிழமை!

அவளுக்குக் காது இரண்டும் சூடானது. ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான். ‘இந்த டிராஃபிக்ல எதுக்கு அலையற ஷர்மி? ஃபேனுக்கு அடியில உக்காந்து பார்க்கற வேலையா ஒண்ணு பாக்கலாம்.’ அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். வாயால் சொல்லிக் கேட்காதவளை வேறு விதமாகக் கேட்க வைக்கப் பார்க்கிறானா? வண்டி நின்றால் கான்ட்ராக்ட் போகும். கான்ட்ராக்ட் போனால் அவளே வந்து பேனாவைக் கேட்பாள். அதுதான் கணக்கா?

பத்து வருஷம் ஒன்றாக வாழ்ந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று ஒரு மனசு சொன்னது. ஸ்பேனரை எதற்குத் துணியில் சுற்ற வேண்டும் என்று இன்னொரு மனசு கேட்டது. இரண்டாவது மனசுதான் ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஏசி போடவில்லை. நாலு கண்ணாடியும் இறக்கிவிட்டு ஓட்டினாள். பின் சீட்டில் தூசுக்குப் பயந்து முகத்தை துப்பட்டாவால் மூடியிருந்த சுலோசனா, “இன்னா ஷர்மி, இன்னிக்கு நம்மள மொளகா வத்தல் மாதிரி காய வெக்கப் போறியா?” என்றாள்.

“காத்து வாங்கிக்கினு வாக்கா. தொப்பை குறையும்.”

முன் சீட்டில் இருந்த சிம்ரன் சிரிக்கவில்லை. சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தவள், திருமுல்லைவாயில் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, ஒரு பைக் ஆவடியிலேர்ந்து நம்ம பின்னாடியே வருது. நீங்க ஸ்லோ பண்ணா ஸ்லோ பண்றான். ஓவர்டேக்கே பண்ண மாட்டேங்கறான்.”

ஷர்மிளா கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு ஹெல்மெட். நீல நிறப் பைக். டேங்க் மேல் என்னவோ பெரிதாக ஒரு சாக்குப் பை. ஹெல்மெட் போட்டால் என்ன, அந்தத் தோளின் சாய்வு அவளுக்குத் தெரியாதா?

பூபாலன்.

வண்டி எங்கே நிற்கும் என்று பார்க்க வருகிறான்!

“யாருக்கா அது?”

“தெரியலடி” என்றாள் ஷர்மிளா.

வண்டி நிற்கவில்லை. முள் சிவப்புக் கோட்டை இரண்டு தடவை தொட்டுத் தொட்டு இறங்கியது. கம்பெனி கேட்டில் நாலு பேரையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, பைக் யூ-டர்ன் அடித்துப் போய்க்கொண்டிருந்தது.

அங்கேயே, கேட்டுக்கு எதிரில் நின்றுகொண்டு பூந்தமல்லிக்கு ஃபோன் போட்டாள். செங்கல்வராயன். ஆட்டோ எலக்ட்ரீஷியன். கரண்ட் சம்பந்தப்பட்ட வியாதி என்றால் அந்த ஏரியாவில் டாக்சிக்காரர்கள் கடைசியாகப் போய் விழுகிற இடம் அவர் ஷெட்தான்.

“அண்ணா, நாளைக்கு வண்டி எடுத்தாறேன். எங்க ஊட்டுக்காரரும் கூட வருவாரு.”

“வா தங்கச்சி. அதுக்கு இன்னா?”

“ஒரு உதவி. யாருனா வேணும்னே கை வெச்சிருந்தா, அத என் மூஞ்சியப் பாத்து சொல்லாதீங்க. அவரு மூஞ்சியப் பாத்துகினே சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு அவர பாத்துக்கறேன்.”

மறுமுனையில் ரேடியோ அணைந்தது.

“தங்கச்சி, இது வண்டி ரிப்பேரா, இல்ல வேற ரிப்பேரா?”

“அது நாளைக்குத் தெரியும்ணா.”

சனிக்கிழமை காலை, “பூந்தமல்லி வரைக்கும் போலாம், ஒரு மெக்கானிக்கு கீறாரு” என்றதும் பூபாலன் சட்டையை மாட்டிக்கொண்டான். மறுக்கவில்லை. ஏன், யார் என்று கேட்கவுமில்லை. அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. பருத்திப்பட்டு தாண்டும்போது அவன், “சாவி இப்பல்லாம் ஆணியில இருக்கறதில்லையே?” என்றான்.

“தொலஞ்சிடப் போவுதுன்னு.”

“ஓ.”

அவ்வளவுதான்.

செங்கல்வராயனின் ஷெட், பழைய பேட்டரிகள் அடுக்கிய ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஆளும் நீளம்தான். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. பூபாலனைப் பார்த்து, “வாங்க மாப்ள, ஒக்காருங்க. டீ சொல்லட்டா?” என்றார்.

“வேணாங்க. நான் நிக்கறேன்.”

நிற்கிறானாம். ஷர்மிளா அவன் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, பானெட்டுக்கு மறுபக்கம் நின்றுகொண்டாள்.

“சூடு நெசமாலுமே ஏறுதா, இல்ல முள்ளு மட்டும் ஏறுதா, மொதல்ல அத்த பாக்கணும்” என்றபடி செங்கல்வராயன் ஒரு சின்னத் துப்பாக்கி மாதிரி சாமானை எடுத்தார். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே பிடிப்பார்களே, அந்த மாதிரி. இஞ்சின் மேல் பிடித்து ஒரு நம்பரைப் படித்துக்கொண்டார். “லைட்டு போடு தங்கச்சி.”

போட்டாள். சூட்டு முள் டபக்கென்று இரண்டு கோடு ஏறியது.

அவர் மறுபடியும் துப்பாக்கியைப் பிடித்தார். நம்பர் மாறவில்லை.

“பாத்தியா? தண்ணி சூடாவறதுக்கு நேரம் வேணும். இப்டி குதிச்சி ஏறாது. குதிக்கறது கரண்ட்டு மட்டும்தான். அப்போ முள்ளு பொய் சொல்லுது. சரி, ஏசியப் போட்டுட்டு அப்டியே வுடு.”

பத்து நிமிஷம் வண்டி நின்ற இடத்தில் ஓடியது. ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது என்று சொன்னால் பாவம். சாப்பாடு முடிந்த வீட்டுப் பெரியவர் மாதிரி உலாத்தியது. துப்பாக்கியில் நம்பர் மளமளவென்று ஏற ஆரம்பித்தது.

“இப்ப சூடும் நெசமாவே ஏறுது. ஓட்டத்துல காத்து அடிக்கறதால தெரியல. நின்னா மாட்டிக்கற. ஃபேனுக்கும் தெம்பில்ல, முள்ளுக்கும் நிதானமில்ல. ரெண்டுக்கும் ஒரே வியாதி.” செங்கல்வராயன் சுவரில் தொங்கிய ஜம்பர் கேபிளை எடுத்தார். பேட்டரி இறங்கிய வண்டிக்கு அடுத்த வண்டியிலிருந்து உயிர் கொடுப்பார்களே, அந்தத் தடி ஒயர். ஒரு முனையை இஞ்சினில் கவ்வவிட்டார். இன்னொரு முனையை பாடி இரும்பில் கவ்வவிட்டார்.

ஃபேன் ‘ஹோ’வென்று அலறியது. எதிரில் நின்ற ஷர்மிளாவின் முந்தானை பறந்தது. மீட்டர் போர்டில் முள் பணிவாக இறங்கி, பாதியில் வந்து நின்றது.

“எர்த்து!” என்றார் செங்கல்வராயன். “ஃபேனு, லைட்டு, மீட்டரு எல்லாத்துக்கும் போன கரண்ட்டு, பாடி இரும்பு வழியாத்தான் திரும்பி வரணும். பாடியிலேர்ந்து இஞ்சினுக்கு வர்ற அந்த வழி அடைச்சிக்கினு கீது. ஸ்டார்ட்டருக்கு வேற வழி. அதான் வண்டி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆவுது, யாருக்கும் இந்த சந்தேகமே வர்ல.”

இஞ்சினுக்குப் பக்கவாட்டில் பின்னிய ஜடை மாதிரி ஒரு பட்டை ஒயர். அதன் முனை பாடியில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. போல்ட் தலையில் பளிச்சென்று ஸ்பேனர் தடம். செங்கல்வராயன் குனிந்து அதைப் பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, பூபாலன் முகத்தைப் பார்த்தார்.

“மாப்ள. இத்த ஒருத்தன் கழட்டி மாட்டியிருக்கான். ஒரு தடவ இல்ல, ரெண்டு மூணு தடவ.”

ஷர்மிளா கண் கொட்டாமல் பார்த்தாள். பூபாலனின் முகத்தில் கோபம் வரவில்லை. ஆச்சரியமும் வரவில்லை. அவன் கண் நேராக அந்தப் போல்ட்டுக்குத்தான் போனது.

அவனுக்குத் தெரியும்!

செங்கல்வராயன் போல்ட்டைக் கழற்றி, ஒயர் முனையை ஒதுக்கினார். அடியில் இரும்பு தெரியவேண்டிய இடத்தில், வழவழவென்று வெள்ளி நிறம். நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது.

“பெயிண்ட்டு! எர்த்து பாயிண்ட்டுக்கு அடியில பெயிண்ட்டு அடிச்சி, அதுக்கு மேல ஒயர மாட்டி முறுக்கியிருக்கான். கரண்ட்டு எப்டி போவும்? முப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். துருப் புடிச்சி பாத்துருக்கேன், எலி கடிச்சி பாத்துருக்கேன். இவ்ளோ அழகா, ப்ரஷ் தடம்கூட இல்லாம, பூசி மெழுகி வெச்சத இன்னிக்குதான் பாக்கறேன். எந்த மகராசன்யா அவன்?”

“நான்தாங்க” என்றான் பூபாலன்.

செங்கல்வராயன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

ஷர்மிளா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஆனால் கோபம் வாய்க்கு வருவதற்குள் அந்த வெள்ளி நிறம் அவளை எங்கோ இழுத்துக்கொண்டு போனது. ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு நாள். பூபாலன் பனியனோடு மரத்தடியில் உட்கார்ந்து, பானெட்டுக்குள் உள்ள இரும்பையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வெள்ளி பெயிண்ட் அடித்தான். அவள்தான் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்; அப்போது அவன் கையில் ப்ரஷ்ஷைத்தான் பார்த்தாள், ஸ்பேனரை இல்லை. முடிந்ததும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மொபைலில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டவளும் அவள்தான். ‘எங்க ஊட்டுக்காரர் கைவண்ணம்.’ சுலோசனா அதற்கு ஏழு இதயம் அனுப்பியிருந்தாள்.

“பூஜைக்கு அடிச்சீங்களே, அந்தப் பெயிண்ட்டா?” என்றாள்.

“ஆமா. ஃபாக்டரியில வருஷா வருஷம் அடிக்கற மாதிரிதான். ஒயர், போல்ட் எதையும் அப்படியே விட்டுட்டு அடிச்சா ஓரம் திட்டு திட்டா நிக்கும். அதனால எல்லாத்தையும் கழட்டிட்டு, முழுசா அடிச்சி, காய வெச்சி மாட்டுவோம். எங்க மெஷினுக்கெல்லாம் அப்படித்தான்.”

“எர்த்து ஒயரயும் கழட்டிட்டா?” என்றார் செங்கல்வராயன்.

“அங்க நாங்க பெயிண்ட் மட்டும்தாங்க. அடிச்சி முடிச்சதும் எலக்ட்ரிக்கல் செக்‌ஷன்காரங்க வந்து, எர்த் பாயிண்டைச் சுரண்டிட்டு அவங்களே மாட்டிட்டுப் போவாங்க. சுரண்டுவாங்கன்னு இத்தனை வருஷத்துல நான் கவனிச்சதே இல்ல. டீ குடிக்கப் போயிடுவோம்.”

செங்கல்வராயன் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “பூஜ போட்டு வண்டியப் படுக்க வெச்ச மொத ஆளு நீங்கதான் மாப்ள!” என்று சொல்லிவிட்டு, உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். ஒயரை மாட்டி முறுக்கினார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை இஞ்சினிலும் பாடியிலும் வைத்துக் காட்டினார். நம்பர் சைபருக்குப் பக்கத்தில் நின்றது. “முடிஞ்சிது. இப்டியே பூந்தமல்லி நெரிசல்ல ஏசியும் லைட்டும் போட்டுகினு அரை மணி நேரம் நில்லு தங்கச்சி. அதான் பரீட்ச.”

பரீட்சைக்கு எங்கும் தேட வேண்டியதில்லை. மெட்ரோ தூண்களுக்கு அடியில் ரோடு பாதியாகக் குறுகி, பஸ்ஸும் லாரியும் மூட்டை ஏற்றிய டெம்போவும் ஒன்றோடு ஒன்று மூக்கை உரசிக்கொண்டு நின்றன. ஷர்மிளா ஏசியை முழுசாக வைத்தாள். பட்டப்பகலில் ஹெட்லைட். எதிரே வந்தவனெல்லாம் லைட் எரிகிறது என்று கையை மடக்கி மடக்கிச் சைகை காட்டினான். முள் பாதியில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

ஆனால் அவள் மனசு நிற்கவில்லை.

“பூஜைக்கு அடிச்சது சரி. வியாழக்கிழம மத்தியானம் ஸ்பேனரோட எதுக்கு வந்தீங்க?”

பூபாலன் ஜன்னல் பக்கம் திரும்பினான். “பாத்தியா?”

“பாத்தேன். கேன்டீன்ல கத்திரிக்கா காரமா இருந்ததையும் கேட்டேன்.”

அவன் நெற்றியைத் தேய்த்தான். “புதன்கிழமை ரெண்டாவது தடவை நின்னதும், நான் கை வெச்ச இடத்துல ஏதாச்சும் லூஸா விட்டுட்டேனோன்னு சந்தேகம் வந்துச்சு. அரை நாள் லீவு போட்டுட்டு வந்து, நீ குளிச்சிட்டிருந்தப்போ ஆணியிலேர்ந்து சாவியை எடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டா டைட் பண்ணேன். அந்த எர்த் போல்ட்டைத் திருப்பிட்டு வந்து பாத்தா முள்ளு கீழ இறங்கியிருந்துச்சு. லூஸ் பண்ணா ஏறியிருந்துச்சு. அப்பதான் புரிஞ்சது. சுரண்டறதுக்குள்ள மேல ஏதோ சத்தம். பயந்து மூடிட்டேன். ராத்திரி நீ படுத்தப்புறம் சரி பண்ணிடலாம்னு பாத்தா ஆணியில சாவி இல்ல. உள்ள லீவரை இழுக்காம பானெட்டைத் திறக்க முடியாது.”

“வாயத் தொறக்கலாமே. அதுக்கு சாவி வேணாமே?”

“நீ சாவியை மறைச்சி வெச்சா, என்ன நினைக்கறேன்னு எனக்குத் தெரியாதா? பீரோவுல அந்த ஃபாரத்தையும் எடுத்துப் பார்த்திருக்க. மடிச்ச மடிப்பு மாறி இருந்துச்சு. அந்த நேரத்துல வந்து, ‘ஆமாம் ஷர்மி, என் கைதான்’னு சொன்னா, தெரியாம செஞ்சதுன்னு நீ நம்புவியா?”

நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது. முன்னால் பஸ் ஒரு அடி நகர்ந்தது. இவளும் ஒரு அடி நகர்த்தினாள்.

“அந்த ஃபாரம்?”

“அது ஆசைதான். இல்லேன்னு பொய் சொல்லல. நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆனா அதுக்காக உன் வண்டியில கை வெப்பேனா?”

“வியாழக்கிழமயே தெரியும். தெரிஞ்சிகினே வெள்ளிக்கிழம காலையில என்ன அனுப்பினீங்க. நாலு பொம்பளைங்க உள்ள. பின்னாடியே பைக்ல வேடிக்க பாத்துகினு வந்தீங்க!”

“வேடிக்கையா?” பூபாலன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். “சாக்குப் பையில ரெண்டு கேன் தண்ணி ஷர்மி! ஒரு கேன் கூலன்ட், ஒரு துண்டு. நின்னா அடுத்த நிமிஷம் ஊத்திக் கிளப்பி விடணும்னு அம்பத்தூர் வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிட்டு வந்தேன். அன்னிக்கு ஃபாக்டரியில லேட் பஞ்ச் வேற.”

ஷர்மிளா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். கண்ணில் பொய் இல்லாத மாதிரிதான் இருந்தது. ஆனால் இந்த மூன்று நாளில் அவள் ஒன்று கற்றுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேனைச் சுமந்துகொண்டு பத்து கிலோமீட்டர் பின்னால் வருகிற ஆளுக்கு, ஒரே ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் வரத் தெரியவில்லை. அவன் கையை இனி நம்பலாம். அவன் மௌனத்தை?

ஃபோன் அடித்தது. பார்த்தசாரதி.

ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஷர்மிளா, சனிக்கிழமை பாதி முடிஞ்சுது. இன்னொரு வண்டிக்காரர் லைன்ல இருக்கார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?”

“வேணாம்னு சொல்லிடுங்க சார். வண்டி ரெடி. பூந்தமல்லி ஜாம்ல முப்பத்தஞ்சு நிமிசமா ஏசி போட்டுகினு நிக்கறேன். முள்ளு அசையல.”

“போன வாரமும் சென்சார் மாத்தியாச்சுன்னுதான் சொன்னீங்க. இப்ப என்ன ஃபால்ட்டு? மறுபடி வராதுன்னு யார் சொல்றது?”

ஷர்மிளா ஃபோனை ஸ்டாண்டிலிருந்து எடுத்து பூபாலன் முன்னால் நீட்டினாள். “நீங்களே சொல்லுங்க.”

பூபாலன் அவளைப் பார்த்தான். பத்தொன்பது வருஷ சர்வீஸ். சீனியர் டர்னர். தொழிற்சாலையில் அவன் கை பட்ட வேலையை இரண்டாவது ஆள் சரிபார்த்ததில்லை. முகம் தெரியாத ஒருத்தரிடம், பஸ் ஹாரன்களுக்கு நடுவில், தன் கை தப்பு செய்தது என்று சொல்ல வேண்டும். அவள் ஃபோனை இறக்கவில்லை.

“சார்... வணக்கம். நான் ஷர்மிளாவோட வீட்டுக்காரர் பூபாலன். தப்பு வண்டியோடது இல்ல சார், டிரைவரோடதும் இல்ல. பூஜைக்கு நான் பெயிண்ட் அடிச்சேன். எர்த் போல்ட்டுக்கு அடியிலயும் அடிச்சிட்டேன். அதுல எர்த் போயிடுச்சு. வியாழக்கிழமையே எனக்குத் தெரிஞ்சும் நான் அவகிட்ட சொல்லல. உங்க ஆளுங்க நாலு பேருக்கும் நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லிடுங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“எர்த் போல்ட்டுக்கு அடியிலயா?” பார்த்தசாரதியின் குரல் முதல் தடவையாக இளகியது. “சரிதான். காரணம் தெரிஞ்சா போதும் சார். காரணம் தெரியாத வண்டிக்குத்தான் பயம். ஷர்மிளா, திங்கட்கிழமை வழக்கம் போல வந்துடுங்க. ஆனா நான் சொன்னது சொன்னதுதான். இன்னொரு தடவை நின்னா...”

“நிக்காது சார்.”

ஃபோன் அணைந்தது. பூபாலன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ஏசி குளிரிலும் வேர்த்திருந்தது. ஷர்மிளாவுக்குச் சிரிப்பு வரும் போல இருந்தது. வரவிடவில்லை. நெரிசல் விலகி, ஆவடி பக்கம் திரும்பும் இடம் வந்தது. கியரை மாற்றினாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யோசிக்காம சொல்லணும்” என்றாள். “பூஜைக்கு அந்தப் போல்ட்டத் தவிர வேற எதையெல்லாம் கழட்டி மாட்டினீங்க?”

பூபாலன் வாயைத் திறந்தான். மூடினான். மேலே பார்த்தான். விரல் விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். மூன்றாவது விரலுக்கு வந்ததும் ஷர்மிளா இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை ஓரம் கட்டினாள்.